உடைமைப் பட்டியல்

சவரக்கத்தி ஒன்று, உறை கிழிந்தது.
டாஃபி டப்பா ஒன்று; உள்ளே மூன்று மீதி.
சைக்கிள். காற்றடிக்கும் பம்பு இல்லை.
கம்பளிக் காலுறை, இடது கால் மட்டும்.
அதையும் எழுது என்றார் அதிகாரி.
எழுதினேன்.

விமானப்படை எங்களைப் போன்ற பெண்களுக்குக் கொடுத்த வேலை:
செத்தவனின் அலமாரியை
அவன் அம்மா திறப்பதற்கு முன்னால்
திறந்து பார்ப்பது.
ட்ரெவாஸ்கிஸுக்குக் கடிதம் போட்டவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தியின் கட்டை அடுப்பில் போட்டேன்.
எவளுடையது என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டு கட்டையும் படித்துவிட்டுத்தான் தீர்ப்பு சொன்னேன்.
எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

நவம்பர். ஒரு வெலிங்டன் விமானம்,
போருக்குப் போய்ப் போய்த் தேய்ந்து
பயிற்சிப் பள்ளியில் தள்ளப்பட்ட கிழட்டு உடல்.
அதற்குள் ஐந்து பையன்கள்.
ஷ்ராப்ஷயரில் கிளம்பிக் கடலைத் தொட்டு
இருட்டில் வழி கண்டு திரும்பி வா.
அன்றைய பாடம் அவ்வளவுதான்.
மேகத்துக்குள் ஒரு மலை இருந்தது.
வரைபடத்திலும் இருந்தது, அதே உயரத்தில்.
காற்று அவர்களை ஏழு மைல்
நகர்த்தி வைத்திருந்தது.

எழுத ஆள் வேண்டுமென்று லாரியில் என்னையும் ஏற்றினார்கள்.
வேல்ஸ் மலையில் ஆடு மேய்க்கும் ப்ரிசர்ட்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்தார்.
அவருக்கு ஆங்கிலம் வராது. வெல்ஷ் எங்களுக்கு வராது.
ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.
பிறகு நான்கை மடக்கி
மிச்சம் நின்ற ஒன்றை
சூரியன் இறங்கும் பக்கமாக
மெல்ல, மிக மெல்லச் சாய்த்தார்.
மறுநாள் பொழுது சாயும்வரை ஒருவன்.
ஐந்து என்று போடு என்றார் அதிகாரி.
ஐந்து என்று போட்டேன்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
எதிரியின் தாக்குதல். மற்றவை.
மற்றவை.

கார்ன்வாலிலிருந்து அப்பாவின் கடிதம்,
கோடு போட்ட தாளில், பென்சிலால்.
"முப்பத்தோரு வருஷம் வெள்ளீயச் சுரங்கத்தில் இறங்கினேன், மிஸ்.
தினமும் மேலே வந்துவிட்டேன்.
ஜெர்மனிக்கு மேலே அவன் எத்தனை தடவை போனான்?
சேப்பலில் கேட்கிறார்கள்."

ஒரு தடவைகூட இல்லை.
ஆனாலும் பதிவேட்டை இன்னொரு முறை புரட்டினேன்,
எங்காவது ஒளிந்திருக்கும் என்பதைப்போல.
பதவி: குண்டெறிபவன்.
எறிந்தவை: பயிற்சிக் குண்டுகள் பதினெட்டு,
வெறும் புகை கக்குகிறவை,
சதுப்பு நிலத்தில் நட்ட ஒரு மரச்சட்டத்தைக் குறிவைத்து.
இரண்டு பட்டன.
ஒன்று ஒரு குடியானவரின் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்து
படை எட்டு ஷில்லிங் நஷ்டஈடு கட்டியிருக்கிறது.

உங்கள் மகன் கையால் ஒரு வீடும் இடியவில்லை,
தொட்டிலில் கிடந்த எதுவும்
என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.
அந்த வருஷம், அந்த சேப்பலில்
இதை யார் ஆறுதலாக வாங்கிக்கொள்வார்கள்?
கிழித்தேன்.
பல தடவை போனார் என்று எழுதினேன்.
அதையும் கிழித்தேன்.
அன்று தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியது.

அவன் நல்ல சட்டையின் பையில் ஒரு ரசீது இருந்தது,
லட்லோவில் ஹோப்டே என்கிற செருப்புக் கடைக்காரர் கிறுக்கியது.
சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
"அந்தப் பையன் வரலையா?" என்றார்,
பிறகு என் சீருடையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.
இரண்டு ஷில்லிங் ஒன்பது பென்ஸ்.
வேண்டாமென்றார். வைத்துவிட்டு வந்தேன்.
பஸ்ஸில் மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன்:
வெளிர் மஞ்சள் தோல்,
ஆணித் தலைகள் மின்னின,
ஒரு பொட்டு மண் இல்லை.

அன்புள்ள திரு. ட்ரெவாஸ்கிஸ்,
பட்டியலில் விட்டுப்போனது இத்துடன் வருகிறது.
ஷூ ஒரு ஜோடி, அளவு ஒன்பது.
அடித்தோல் புதிது.
கூலி கொடுத்தாயிற்று.